கொசுவுக்கு வைத்த வாசனை

சேலையூரில் எங்கள் தெருக்கோடியில் ஒரு டீச்சரம்மா இருக்கிறார். அரசுப் பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுத்து ரிட்டையர் ஆனவர். தாம்பரம் ஸ்டேஷனுக்குக் கிழக்கே ஏரியும் பொட்டலுமாக இருந்த காலத்தில் ஒரு கிரவுண்டு வாங்கிப்போட்டு, வீடு கட்டுவதற்கு முன்னாலேயே ஒரு மா, ஒரு கொய்யா, ஒரு நாரத்தை நட்டுவைத்தவர். மகன் கலிபோர்னியாவில். சில வருடங்களுக்கு முன் பேத்தியைப் பார்க்கப் புறப்பட்டபோது, தன் மரத்து மாம்பழங்களில் பத்தைப் பறித்து, துடைத்து, பேப்பர் சுற்றி, பெட்டியில் புடவைகளுக்கு நடுவே பத்திரமாகப் படுக்கவைத்து எடுத்துப் போனார்.

பழம் பேத்தியிடம் போய்ச் சேரவில்லை. அங்கே விமான நிலையத்தில் காது தொங்கும் ஒரு பீகிள் நாய் மோப்பம் பிடித்து வந்து, அவர் பெட்டிக்குப் பக்கத்தில் சமர்த்தாக உட்கார்ந்துகொண்டது. அவ்வளவுதான்.

''பத்தும் குப்பைத்தொட்டியில தம்பி! பழத்துக்குள்ள பூச்சி இருக்குமாம். 'ஒண்ணை வெட்டிப் பாரு'ன்னேன். வெட்டினான். நல்லாத்தான் இருந்துச்சு. 'இதுல இல்லைன்னா இன்னொண்ணுல இருக்கலாம் மேடம்'கிறான். கணக்கு டீச்சர்கிட்டயே நிகழ்தகவு பேசறான்!''

திரும்பி வந்து பல மாதம் ஆகியும் கோபம் தீரவில்லை. ஒருநாள் என்னிடம் கேட்டார்: ''அது சரி, நம்ம ஊர்ல அந்தப் பூச்சி இருக்குன்னு அவனுக்கு யாரு சொன்னது? இங்க வந்து எண்ணிட்டுப் போனானா?''

நியாயமான கேள்வி. பதிலைத் தேடிக்கொண்டு போனால், அது நூறு வருடத்துக்கு முந்தைய பீகாரில் கொண்டுபோய் நிறுத்துகிறது. கொசுத்தொல்லை தாங்காத ஒரு மனிதரின் வீட்டு வாசலில்!

முதலில் குற்றவாளியைப் பார்த்துவிடுவோம்.

பழ ஈ என்றதும், கறுத்த வாழைப்பழத்தைச் சுற்றிப் புள்ளி புள்ளியாகப் பறக்கிறதே, அதை நினைத்துக்கொள்ளாதீர்கள். அது டிரோசோஃபிலா. அழுகியதைத் தின்னும் அப்பாவி. மரபணு ஆராய்ச்சிக்காரர்களுக்குச் செல்லப்பிள்ளை. நாம் தேடும் ஆள் வேறு. கிட்டத்தட்ட வீட்டு ஈ சைஸ். மார்பில் மஞ்சள் கோடுகள், குளவி போல இடுப்பு. பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆங்கிலத்தில் இதற்குக் 'கீழ்த்திசைப் பழ ஈ' என்ற பொருளில் பெயர். பாக்ட்ரோசெரா டார்சாலிஸ் என்பது சான்றிதழில் உள்ள பெயர்.

பெண் ஈயின் வால்முனையில் ஊசி மாதிரி ஓர் உறுப்பு. பழம் பழுக்கத் தொடங்கும் நேரம் பார்த்துத் தோலில் குத்தி, உள்ளே முட்டைகளைச் சொருகிவிட்டுப் பறந்துவிடும். ஒரு பெண் ஈ தன் ஆயுளில் ஆயிரத்துக்கும் மேல் முட்டையிடக்கூடியது. குத்திய இடம் வெளியே தெரியாது. தெரிந்தாலும் ஒரு சின்னப் புள்ளி. ஓரிரு நாளில் முட்டை பொரிந்து, புழு சதையைத் தின்று கொழுத்து, பழம் விழுந்ததும் வெளியே வந்து மண்ணுக்குள் புகுந்து கூட்டுப்புழுவாகும். வெயில் காலத்தில் ஏறக்குறைய மூன்று வாரத்தில் அடுத்த தலைமுறை ரெடி. அத்திப்பழத்தைப் பிட்டுப் பார்த்தால் அத்தனையும் பூச்சி என்று நம்மவர்கள் சொன்னது அத்திக்கு மட்டுமல்ல, கொய்யாவுக்கும் மாவுக்கும்கூடப் பொருந்தும். வெளியே பளபளப்பு, உள்ளே குடித்தனம். 'பழத்துல புழு இருந்தா இனிப்பா இருக்கும்டா' என்று பாட்டிகள் சமாதானம் சொன்னது இந்தக் குடித்தனத்தைப் பற்றித்தான்.

பிரச்னை என்னவென்றால், பழத்தைப் பார்த்து ஈயைக் கண்டுபிடிக்க முடியாது. ஒரு தோப்பில் எத்தனை ஈ இருக்கிறது, பக்கத்து ஊரில் இருக்கிறதா, இல்லையா... இதையெல்லாம் தெரிந்துகொள்ள ஒவ்வொரு பழமாக வெட்டிக்கொண்டிருக்க முடியுமா? ஈயே தானாக வந்து 'உள்ளேன் ஐயா' சொன்னால்தான் உண்டு.

சொல்ல வைத்தவர் ஃபிராங்க் மில்பர்ன் ஹௌலெட்.

1905-ல் கர்சன் பிரபு காலத்தில் பீகாரின் பூசா கிராமத்தில் ஒரு வேளாண் ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. பணம் கொடுத்தவர் ஹென்றி ஃபிப்ஸ் என்ற அமெரிக்கக் கோடீஸ்வரர். 'ஃபிப்ஸ் ஆஃப் யு.எஸ்.ஏ.' என்பதன் சுருக்கம்தான் 'பூசா' என்று இன்றைக்கும் சொல்பவர்கள் உண்டு. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் கட்டுக்கதை. ஃபிப்ஸ் பிறப்பதற்கு முன்பே அந்த ஊருக்கு அதுதான் பெயர். அங்கே பூச்சித்துறைக்குத் தலைவர் ஹெரால்டு மேக்ஸ்வெல் லெஃப்ராய். அவருக்கு உதவியாக வந்தவர் ஹௌலெட். 1909-ல் லெஃப்ராய் எழுதிய 'இந்தியன் இன்செக்ட் லைஃப்' என்ற தலையணை சைஸ் புத்தகத்தின் முகப்பில் ஹௌலெட்டின் பெயரும் உண்டு.

ஹௌலெட்டின் வேலை பழ ஈ அல்ல. கொசு, கடிக்கும் ஈ மாதிரி, மனிதனையும் மாட்டையும் படுத்துகிற பூச்சிகள்தான் அவருடைய இலாகா. பீகாரில் கொசுவுக்குக் கேட்கவா வேண்டும்! அவருடைய அக்கம்பக்கத்தில் ஒருவர், கொசுவை விரட்ட சிட்ரோனெல்லா எண்ணெய் வைத்திருந்தார். புல்லிலிருந்து வடிக்கிற எண்ணெய். அந்தக் காலத்தில் இலங்கையின் தென்பகுதியிலிருந்து உலகத்துக்கெல்லாம் போன சரக்கு. கொசு போனதோ இல்லையோ, எங்கிருந்தோ வேறு ஒரு ஈக்கூட்டம் எண்ணெயைத் தேடி வந்து மொய்க்க ஆரம்பித்துவிட்டது. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கான கதை.

நீங்களும் நானும் என்ன செய்திருப்போம்? பாட்டிலை மூடித் தூக்கிப் போட்டுவிட்டு, கடைக்காரனைத் திட்டியிருப்போம். ஹௌலெட் அந்த ஈக்களைப் பிடித்துப் பார்த்தார். எல்லாம் பழ ஈக்கள். அதைவிட ஆச்சரியம், அத்தனையும் ஆண்! ஒரு பெண்கூட இல்லை.

1912-ல் இதை ஒரு கட்டுரையாக லண்டன் பூச்சியியல் சங்கத்தின் இதழில் வெளியிட்டார். அதோடு விடவில்லை. எண்ணெயில் பத்துப் பன்னிரண்டு சரக்கு கலந்திருக்குமே, இழுப்பது எது? ஒவ்வொன்றாகப் பிரித்து வைத்து ஈக்களிடமே கேட்டார். 1915-ல் பதில் கிடைத்தது: மெத்தில் யூஜினால்.

பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பல்வலிக்குப் பஞ்சில் தொட்டு வைப்போமே கிராம்புத் தைலம், அதன் மணம் யூஜினால். அதற்குப் பங்காளி இந்த மெத்தில் யூஜினால். நம் வீட்டுத் துளசியிலும் உண்டு. துளசியைக் கசக்கி வைத்துப் பழ ஈ பிடித்த விவசாயிகள் இருக்கிறார்கள். 1968-ல் ஹவாயில் ஒரு மரத்தின் பூவில் இதே பொருளைக் கண்டுபிடித்தார்கள். அது நம்ம சரக்கொன்றை! சித்திரை பிறந்தால் மஞ்சள் சரம் சரமாகத் தொங்குமே, அதுவேதான்.

ஆண் ஈக்கு மட்டும் ஏன் இந்தப் பைத்தியம்? ஹௌலெட்டுக்கு அது புரியவில்லை. எழுபது வருடம் கழித்து, 1980-களில் ஜப்பானிய விஞ்ஞானி ரித்சுவோ நிஷிதாவும் அவருடைய கூட்டாளிகளும் முடிச்சை அவிழ்த்தார்கள். ஆண் ஈ இந்தச் சரக்கைத் தின்று, தன் உடம்புக்குள் பக்குவப்படுத்தி, சாயங்காலம் பெண்ணை அழைக்கிற வாசனையாக வெளியே விடுகிறது. அதாவது, அது அத்தர் வாங்கப் போகிறது. மாப்பிள்ளைக் களை வேண்டாமா!

ஹௌலெட் இதையெல்லாம் பார்க்க இருக்கவில்லை. 1920-ல், நாற்பத்து மூன்று வயதுக்குள், முசூரியில் இறந்துபோனார். அவருடைய தலைவர் லெஃப்ராயின் முடிவு இன்னும் கொடுமை. லண்டனுக்குத் திரும்பி, வெஸ்ட்மின்ஸ்டர் ஹாலின் கூரை மரத்தை அரித்த வண்டுக்கு மருந்து தேடியவர், ரென்டோகில் கம்பெனிக்கு வித்திட்டவர், 1925-ல் தன் ஆய்வுக்கூடத்தில் தான் சோதித்துக்கொண்டிருந்த விஷவாயுவுக்கே பலியானார். 1934-ல் பீகார் பூகம்பத்தில் பூசா கட்டடமே சிதைந்தது. 1936-ல் நிலையம் டெல்லிக்குப் போயிற்று. கூடவே பூசா என்ற பெயரும் போயிற்று. டெல்லியில் பூசா ரோடு வந்த கதை இதுதான். ஹௌலெட்டின் கண்டுபிடிப்பு, பழைய இதழ்களின் பைண்டிங்குக்குள் தூங்கிக்கொண்டிருந்தது.

இதற்கிடையில், வாசனை கையில் இல்லாத ஊரில் என்ன நடந்தது என்று பாருங்கள்.

1929 ஏப்ரல். அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலம். ஆரஞ்சும் கிரேப்ஃப்ரூட்டும் அந்த ஊருக்குச் சோறு. ஆர்லாண்டோவில் ஒரு கிரேப்ஃப்ரூட்டுக்குள் புழு. ஆராய்ந்தால், மத்தியதரைக்கடல் பழ ஈ. நம்ம ஈயின் ஒன்றுவிட்ட சகோதரம். எங்கெல்லாம் பரவியிருக்கிறது? யாருக்கும் தெரியாது. எண்ணுவதற்கு நல்ல வழி இல்லை. அதனால் என்ன செய்தார்கள்? சந்தேகப்பட்ட இடத்திலெல்லாம் பழத்தைப் பறித்துப் புதைத்தார்கள். சாலைகளில் தடுப்புப் போட்டு, வண்டி வண்டியாகச் சோதனை செய்தார்கள். 20 மாவட்டங்கள் இந்த வளையத்துக்குள் வந்தன. அடுத்த ஆண்டு ஈ ஒழிந்தது. ஆனால் ஈயோடு சேர்ந்து எத்தனையோ தோட்டக்காரர்களின் ஒரு வருட வருமானமும் ஒழிந்தது. நோயாளி யாரென்று தெரியாவிட்டால் ஊருக்கே ஊசி போடுவதைத் தவிர வேறு வழி?

1956-ல் அதே ஈ மறுபடி ஃப்ளோரிடாவுக்கு வந்தது. இந்த முறை கையில் வாசனை இருந்தது. ஏஞ்செலிகா என்ற செடியின் விதை எண்ணெய் இந்த ஈயின் ஆணை இழுக்கும் என்று தெரிந்திருந்தது. மரத்துக்கு மரம் பொறி தொங்கவிட்டார்கள். எந்தப் பொறியில் ஈ விழுந்ததோ, அந்த இடத்தில் வரைபடத்தில் ஒரு குறி. குறி விழுந்த வட்டத்தில் மட்டும் மருந்து. இந்த வேட்டையில் உலகத்துச் சந்தையில் இருந்த ஏஞ்செலிகா விதை எண்ணெயே தீர்ந்துபோயிற்று. பிறகுதான் ஆய்வுக்கூடத்தில் அதற்குப் பதிலிகளைத் தயாரிக்க ஆரம்பித்தார்கள்.

நம்ம ஈக்கும் அதற்குள் கால் முளைத்திருந்தது. இரண்டாம் உலகப்போர் முடியும் தறுவாயில் பசிபிக் தீவுகளுக்கு நடுவே கப்பலும் விமானமும் பறந்த பறப்பில், அது ஹவாய்க்குப் போய் இறங்கியது. லோரன் ஸ்டெய்னர் என்ற அமெரிக்க விஞ்ஞானி, ஹௌலெட் கண்டுபிடித்துவைத்த மெத்தில் யூஜினாலைக் கையில் எடுத்தார். வருடம் 1952. பூசாவின் வாசனைக்கு நாற்பது வருடம் கழித்து மறுபிறவி.

ஸ்டெய்னர் ஒரு படி மேலே யோசித்தார். ஆண்கள் எல்லோரும் வருகிறார்கள் என்றால், எண்ணுவதோடு ஏன் நிறுத்த வேண்டும்? 1962-63-ல் பசிபிக்கில் ரோட்டா என்ற தீவு. சுமார் 85 சதுர கிலோமீட்டர். சின்னச் சின்ன அட்டைத் துண்டுகளில் மெத்தில் யூஜினாலையும் விஷத்தையும் ஊறவைத்து, விமானத்திலிருந்து தூவினார்கள். ஆண் ஈக்கள் அத்தர் வாங்கப் போய்ச் செத்தன. பெண்கள் போட்ட முட்டை பொரியவில்லை. தீவில் ஈயே இல்லை! ஜப்பான் தன் தென் தீவுகளில் இதே முறையை 1968-ல் ஆரம்பித்து, தீவு தீவாகத் துடைத்துக்கொண்டே வந்து, 1986-ல் 'இந்த ஈ எங்கள் நாட்டில் இல்லை' என்று நிம்மதிப் பெருமூச்சு விட்டது.

சரி... இல்லை என்று எப்படி நிரூபிப்பது? இங்கேதான் கதையின் முக்கியமான இடம் வருகிறது.

இருப்பதைக் காட்டுவது சுலபம். ஒரு ஈயைப் பிடித்து டப்பாவில் போட்டுக் காட்டினால் போதும். இல்லாததைக் காட்ட வேண்டுமென்றால்? வருடக்கணக்காகப் பொறி தொங்க வேண்டும். வாரா வாரம் ஒரு ஆள் போய்த் திறந்து பார்க்க வேண்டும். ஒன்றுமில்லை என்றால் 'பூஜ்ஜியம்' என்று எழுத வேண்டும். அடுத்த வாரமும் பூஜ்ஜியம். அதற்கடுத்த வாரமும். போகாமலே வீட்டில் உட்கார்ந்து பூஜ்ஜியம் எழுதினால் ஒருநாள் குட்டு உடைந்துவிடும். ஒரு பொறிக்கு ஒரு நாளைக்கு எத்தனை ஈ என்பதுதான் உலகம் முழுவதும் இதற்கு அளவுகோல். 2006-ல் ரோமில் உள்ள சர்வதேசப் பயிர்ப் பாதுகாப்பு அமைப்பு, 'பழ ஈ இல்லாத பகுதி' என்று ஒரு வட்டாரத்தை அறிவிக்க என்னென்ன செய்ய வேண்டும் என்று விதியே எழுதிவைத்திருக்கிறது. அதன் சாரம், பொறுமையாக எண்ணு, எண்ணியதை எழுதிவை.

இந்த வரைபடத்தில் நிறம் பூசிய இடத்தைவிட, வெள்ளையாக விட்ட இடத்துக்குத்தான் காசு அதிகம். வெள்ளைப் பகுதியில் விளைந்த ஆரஞ்சு தடையில்லாமல் கப்பல் ஏறும். நிறம் பூசிய பகுதியின் ஆரஞ்சு குளிரறையில் நாள்கணக்கில் தவம் கிடக்கும், அல்லது உள்ளூரிலேயே விலைபோகும்.

நாம் எங்கே இருந்தோம்? முழுக்க நிறம் பூசிய பக்கத்தில். ஜப்பான் இந்திய மாம்பழத்துக்குப் போட்ட தடை 20 ஆண்டுகள் நீடித்து 2006-ல்தான் விலகியது. அதுவும் சூடான நீராவியில் பழத்தைப் பதப்படுத்தி அனுப்ப வேண்டும் என்ற நிபந்தனையோடு. அமெரிக்கா 18 ஆண்டுகள் கதவைச் சாத்திவைத்திருந்து, 2007-ல் திறந்தது. கதிர்வீச்சுக் காட்டிய பழமாக இருந்தால் மட்டும். 2014 மே 1 முதல் ஐரோப்பிய யூனியன் நம் மாம்பழத்தையும், கூடவே பாகற்காய், புடலங்காய், கத்தரிக்காய், சேம்பு ஆகியவற்றையும் தடுத்தது. முந்தைய ஆண்டில் 207 சரக்குகளில் பழ ஈயும் வேறு பூச்சிகளும் இருந்தன என்பது காரணம். மாம்பழத் தடை 2015 தொடக்கத்தில் நீங்கியது. ஆனால் 2014 சீசன்? போனது போனதுதான். மாமரம் அடுத்த மே மாதம் வரை காத்திருக்கச் சொன்னால் கேட்கும். வாங்கிய கடன் கேட்காது.

இதில் அநியாயம் என்று கத்தவும் முடியாது. ஈ நம்முடையது. இந்தத் தட்பவெப்பத்தில் பிறந்து வளர்ந்தது. ஃப்ளோரிடா மாதிரி, ரோட்டா மாதிரி, துடைத்து எறிந்துவிட முடியாது. மதராஸ் மாகாணத்தின் பூச்சிகளைப் பற்றி ஃப்ளெட்சர் 1914-லேயே புத்தகம் போட்டார். டி.வி.ராமகிருஷ்ண அய்யர் 1940-ல் தென்னிந்தியாவுக்கென்றே ஒரு கையேடு எழுதினார். எந்தப் பூச்சி, எந்தப் பயிரில் என்பதற்கு நமக்கு நல்ல பட்டியல் அப்போதே இருந்தது. ஆனால் எந்த ஊரில், எந்த மாதத்தில், எத்தனை என்பது வேறு கணக்கு. அது ஒரு புத்தகத்தில் முடிகிற வேலை இல்லை. தினசரி வேலை.

ஒழிக்க முடியாத ஈயை எண்ணி என்ன பயன் என்று கேட்கலாம். இருக்கிறது. ஈக்கூட்டம் எப்போதும் ஒரே மாதிரி இருப்பதில்லை. பழம் பழுக்கும்போது ஏறும், பழம் முடிந்தால் இறங்கும். பொறியில் எண்ணிக்கை ஏறத் தொடங்கும் வாரம் தெரிந்தால், அந்த வாரத்தில் நடவடிக்கை எடுத்தால் போதும். எண்ணாதவன் சீசன் முழுக்க மருந்து அடிக்கிறான். பஞ்சாபில் கின்னோ ஆரஞ்சுத் தோட்டங்களுக்காக லூதியானா வேளாண் பல்கலைக்கழகம் தனிப் பொறியே உருவாக்கியிருக்கிறது. நம்ம புளியங்குடி எலுமிச்சைக்கு இந்த விஷயத்தில் கொஞ்சம் அதிர்ஷ்டம். எலுமிச்சைத் தோலில் இருக்கிற எண்ணெய், பழ ஈயின் முட்டைக்கும் புழுவுக்கும் எமன். ஆரஞ்சும் சாத்துக்குடியும் பழுத்து இனிக்க இனிக்க அந்தக் கவசம் தளர்ந்துவிடுகிறது.

எண்ணாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஆப்பிரிக்கா சாட்சி. 2003-ல் கென்யாவில் பொறிகளில் புதிதாக ஒரு ஈ. பெயர் தெரியவில்லை. பார்த்தால் இலங்கையில் சேகரித்துவைத்த ஈயும் இதுவும் ஒரே ஜாடை. 2005-ல் அதைத் தனி இனமாக அறிவித்து, 'ஆக்கிரமிப்பவன்' என்று பொருள்படும் 'இன்வேடன்ஸ்' என்ற பெயரைச் சூட்டினார்கள். பெயர் சூட்டிக்கொண்டிருக்கும்போதே அது நாடு நாடாகத் தாண்டியது. 2013-ல் தென்னாப்பிரிக்காவின் வடகோடியில், வெம்பே மாவட்டத்தில் ஈ குடியேறிவிட்டதாக ஒப்புக்கொள்ள வேண்டிவந்தது. உலகத்துக்கே ஆரஞ்சு ஏற்றுமதி செய்யும் நாடு அது; தோப்புகள் பெருகிக் கிடப்பதும் அந்த வடக்கில்தான். 2015-ல் விஞ்ஞானிகள் எல்லாச் சான்றுகளையும் அடுக்கிப் பார்த்து, 'இன்வேடன்ஸ் என்று தனியாக ஒன்றுமில்லை. எல்லாம் பழைய டார்சாலிஸ்தான்' என்றார்கள். ஆக, ஆப்பிரிக்காவைப் பிடித்ததும் நம்ம வீட்டுக் கொய்யாவைத் துளைப்பதும் ஒரே ஆள்.

இப்போது டீச்சரம்மாவின் மாம்பழத்துக்கு வருகிறேன்.

கலிபோர்னியாவில் ரெட்லண்ட்ஸ் என்று ஒரு ஊர். ஒரு காலத்தில் ஆரஞ்சுத் தோப்புகளாலேயே பெயர் பெற்றது. இன்னொரு வேடிக்கை, உலகம் முழுக்கப் பயன்படும் வரைபட மென்பொருள் தயாரிக்கும் எஸ்ரி கம்பெனியின் தலைமையகமும் அங்கேதான். 2023-ல் அந்தப் பகுதியில் பொறிகளில் நம்ம ஈ விழுந்தது. வரைபடத்தில் வட்டம் போட்டார்கள். 2024 தொடக்கத்தில் அந்த வட்டத்துக்குள் இருந்த 2,000-த்துக்கும் மேற்பட்ட வீடுகளின் தோட்டங்களில் அரசு ஆட்கள் நுழைந்து, மரத்திலிருந்த ஆரஞ்சு, எலுமிச்சை என்று ஒன்று விடாமல் பறித்து மூட்டை கட்டிக் கொண்டுபோனார்கள். தாத்தா வைத்த மரம், பேரன் ஏறிய மரம் என்ற பேச்செல்லாம் எடுபடவில்லை. அந்த ஆகஸ்டில், கலிபோர்னியாவில் ஈ ஒழிந்தது என்று அறிவித்தார்கள்.

நான் இதைச் சொன்னபோது டீச்சரம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, ''என் பழம் பத்துதான் போச்சு. அவங்களுக்கு மரமே மொட்டையா?'' என்றார். கோபம் பாதி இறங்கிவிட்டது.

யாரோ எங்கிருந்தோ வந்து பயணிகள் பெட்டியில் போட்ட பழம்தான் இதற்குக் காரணமாக இருக்கும் என்று சந்தேகப்படுவது எப்போதும் வழக்கம். அதனால்தான் அந்த பீகிள். நம் பக்கத்திலும் காவல் உண்டு. வெளிநாட்டுப் பூச்சி உள்ளே வராமல் தடுக்க 1914-லேயே இந்தியாவில் சட்டம் வந்துவிட்டது. தாம்பரத்திலிருந்து ஜி.எஸ்.டி. ரோட்டில் சென்னை நோக்கிப் போகும்போது, மீனம்பாக்கத்தில் பிளான்ட் குவாரன்டைன் நிலையம் இருக்கிறது. ஏர்போர்ட் பரபரப்பில் யாரும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. ஃப்ளோரிடாவைக் கதிகலங்க வைத்த மத்தியதரைக்கடல் பழ ஈ இந்தியாவில் குடியேறவில்லை. அப்படியே இருக்க வேண்டுமென்றால், அங்கேயிருந்து வருகிற பெட்டியையும் ஒருவர் திறந்து பார்த்துத்தான் ஆக வேண்டும். அவர்கள் நம் மாம்பழத்தைத் தூக்கிப் போடுவதும், நாம் அவர்கள் பழத்தைச் சந்தேகப்படுவதும் ஒரே கணக்குதான்.

கதை இதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் கணக்கு டீச்சரை லேசில் விட முடியுமா? ஒருநாள் அவர் வீட்டுக் கொய்யாக் கிளையில் காலி தண்ணீர் பாட்டில் ஒன்று தொங்கியது. பக்கவாட்டில் ஓட்டைகள். உள்ளே மருந்தில் ஊறிய சின்ன பிளைவுட் துண்டு. உரக்கடையில் 'இனக்கவர்ச்சிப் பொறி' என்று கேட்டு வாங்கிய சரக்கு.

''முதல் நாளே நாப்பத்தேழு தம்பி! அத்தனையும் ஆம்பளைங்க!'' என்றார், ஹௌலெட்டின் அதே ஆச்சரியத்தோடு. விழுந்த பழங்களை அன்றன்றைக்குப் பொறுக்கி ஆழமாகக் குழிதோண்டிப் புதைக்கிறார். பக்கத்து வீடுகளிலும் சொல்லி வைத்திருக்கிறார். ஒரு வீட்டில் மட்டும் செய்து பயனில்லை, ஈக்குக் காம்பவுண்டு சுவர் கிடையாது. சிலர் கேட்கிறார்கள், சிலர் சிரிக்கிறார்கள்.

பழைய அட்டெண்டன்ஸ் நோட்டு ஒன்றில் தேதி போட்டு, எண்ணிக்கை எழுதிவருகிறார். நாற்பத்தேழு, முப்பத்தொன்பது, ஐம்பத்திரண்டு... கொய்யா சீசன் முடிய முடிய எண்கள் சிறுத்துக்கொண்டே வந்தன. மார்கழியில் ஒருநாள் காலை வாசலில் பார்த்தபோது பாட்டிலை இறக்கி வெளிச்சத்தில் காட்டிக்கொண்டிருந்தார். காலி.

''இன்னைக்கு ஒருத்தன்கூட வரலை'' என்றார்.

''அப்ப நோட்டுக்கு லீவா டீச்சர்?''

கண்ணாடிக்கு மேலாக என்னை ஒரு பார்வை பார்த்தார். வகுப்பில் கடைசி பெஞ்சைப் பார்க்கிற பார்வை.

''வந்தாத்தான் எழுதணுமா? வராட்டியும் எழுதணும் தம்பி'' என்று சொல்லி, நோட்டைத் திறந்து, தேதிக்கு நேராக நிதானமாக ஒரு சைபர் போட்டார்.